ஒஃபெலியாவின் கூம்பு

கல் வந்து சேர்ந்த அன்று சுலேமா சாப்பிடப் போகவில்லை.

தலைநகரிலிருந்து மரப்பெட்டியில், பஞ்சு மெத்தைக்கு நடுவில், ஒரு மகாராணியைப் போல வந்திருந்தது அது. பதினாறு கோடி வருடத்துக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லாகிப்போன ஊசியிலை மரத்தின் கிளை. உள்ளங்கை நீளம். கிளையின் நுனியில் கட்டைவிரல் அளவு விதைக்கூம்பு, செதில் செதிலாக. ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இந்தக் கல்லின் படம் இருக்கிறது. மாகாணத்தின் தபால் தலையிலும் இருக்கிறது. வாதோ செக்கோ அருங்காட்சியகத்தில் புதிய கூடம் திறக்கப் போகிறார்கள், அதற்காகக் கல்லை ஒரு வருடத்துக்கு இரவல் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

கடிதம் எழுதிக் கேட்டவள் சுலேமாதான். கூடத்தைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை.

அவள் அருங்காட்சியகத்தில் கல் சுத்தம் செய்பவள். ஊசி, தூரிகை, நுண்ணோக்கி, அசிட்டோன் புட்டி. பதினோரு வருட வேலை. காட்சிக்கு வைக்கும் முன் பழைய பசையை நீக்கிப் புதுப் பசை போடுவது எல்லா இடத்திலும் வழக்கம். பழைய பசை மஞ்சளாகிவிடும். ஆனால் ஒரு இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமாக இருந்த மூலக்கல்லைத் தொட, அதை வைத்திருப்பவரின் அனுமதி எழுத்தில் வேண்டும். அதையும் கேட்டிருந்தாள். தலைநகரில் அந்தக் கல்லுக்குப் பொறுப்பாளரான டாக்டர் அன்செல்மோ புருசோனே ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: 'தாராளமாகச் செய்யுங்கள், பத்திரம்.' கீழே பெரிய கையெழுத்து.

எந்த இடத்தில் பசை போட்டோம் என்பதையே அவர் மறந்திருந்தார்.

சுலேமா மறக்கவில்லை. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. தாவரவியல் இரண்டாம் ஆண்டு. புருசோனேயின் குழு செரோ பாயோ குன்றில் முகாம் போட்டபோது உள்ளூர்ப் பெண் என்று சேர்த்துக்கொண்டார்கள். போன பிறகுதான் எதற்கு என்று தெரிந்தது. மாத்தே என்ற மூலிகைத் தேநீருக்கு வெந்நீர் வைக்க. ரொட்டி பொரிக்க. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குட்டியை நெருப்பில் நிறுத்தித் திருப்பித் திருப்பிக் காவல் காக்க. ஐந்து ஆண்கள் பாறை பிளந்தார்கள், அவள் விறகு பிளந்தாள்.

ஒன்பதாம் நாள் மாவு பிசைந்து மூடிவைத்துவிட்டு, ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடையின் தலைப்பகுதிக்கு ஏறினாள். மூன்றாவது அடியில் பாறை புத்தகம் போலத் திறந்தது. உள்ளே அந்தக் கூம்பு. தொப்பியைக் கழற்றி அதில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினாள். காற்று அவளைத் தள்ளித் தள்ளி விட்டது.

முகாமில் அன்று காலை கிடைத்த ஒரு கிளை மேசையில் இருந்தது. ஓடையின் அடிவாரத்தில் எடுத்தது. புருசோனே கூம்பை வாங்கிப் பார்த்தார். திருப்பினார். கிளையின் நுனியில் வைத்தார். பேனாவுக்கு மூடி போல உட்கார்ந்தது.

"பாருங்கடா," என்றார். "பாருங்கடா இதை!"

"டாக்டர், இது மேல கிடைச்சது," என்றாள் சுலேமா. "அந்தக் கிளை கீழ் அடுக்கு. நடுவுல நாப்பது அடி இருக்கு. கல்லோட நிறமே வேற."

"பொண்ணு, மலைன்னா கல்லு உருளும். அதுக்குக் காலு இல்லன்னு யார் சொன்னா? போய்த் தண்ணி கொதிச்சிடுச்சா பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் கொதித்திருந்தது. அவள் ஊற்றிக் கொடுத்தாள்.

அன்று மாலையே அவர் பசை போட்டார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பார்க்க விரும்பியதைப் பார்த்தார், அவ்வளவுதான். சுலேமாவுக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. திருடன் என்றால் கொஞ்சமாவது பயந்திருப்பான்.

இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை வந்தது. புதிய பேரினம், புதிய சிற்றினம். கிளை நுனியில் கூம்பு ஒட்டிய நிலையிலேயே கிடைத்த உலகின் அபூர்வக் கல். சிற்றினத்துக்கு மனைவி ஒஃபெலியாவின் பெயரை வைத்திருந்தார். பெயருக்குப் பின்னால், வழக்கப்படி, பெயர் வைத்தவரின் பெயர்: புருசோனே. அந்த மரத்தைப் பற்றி உலகத்தில் யார் எழுதினாலும் இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார். ஓட்டுநருக்குப் பெயர் இருந்தது. நிலத்துக்காரருக்குப் பெயர் இருந்தது. 'முகாமில் சமைத்துத் தந்த உள்ளூர்ப் பெண்ணுக்கும்' என்று அதன் பிறகு இருந்தது.

அந்தக் கட்டுரை அவளுக்கு வரி பிசகாமல் மனப்பாடம். பன்னிரண்டு வருடமாகப் பாராயணம் செய்கிறாள்.

* * *

நெரிஸ் பியூ சேமிப்பறைப் பொறுப்பாளர். வேல்ஸ்காரர்கள் வழிவந்தவள், பெரிய உடம்பு, பெரிய குரல். அன்று மத்தியானம் கருப்புக் கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கதவருகே நின்றாள்.

"சாப்பிடலையா? கல்லைப் பார்த்துக்கிட்டே வயிறு நிறைஞ்சிடுமா?"

"உள்ள வா. கதவைச் சாத்து. காத்துல தூசி வரும்."

சுலேமா தூரிகையை அசிட்டோனில் தொட்டாள். கூம்பும் கிளையும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு. காத்திருந்தாள். இன்னொரு சொட்டு. பசை முதலில் வெளுத்தது, பிறகு பாகு போல இளகியது. பஞ்சால் ஒற்றி எடுத்தாள். இப்படியே ஒரு மணி நேரம் போனது. கேக்கை நெரிஸே தின்று முடித்தாள்.

நான்கு மணிக்குக் கூம்பு தானாகக் கழன்று சுலேமாவின் உள்ளங்கையில் விழுந்தது.

நெரிஸின் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. "உடைச்சிட்டியா?"

"நான் உடைக்கல. ஒட்டியிருந்தாத்தானே உடையறதுக்கு? இங்க பாரு."

நெரிஸ் நுண்ணோக்கியில் குனிந்தாள். பசை மூடியிருந்த இடத்தில் கிளையின் நுனி தெரிந்தது. அது முறிந்த நுனி இல்லை. அங்கே ஒரு மொட்டு இருந்தது. இன்னும் வளரப் போகிற கிளையின் மொட்டு, சின்ன இலைகள் ஒன்றை ஒன்று பொத்திக்கொண்டு, முழுசாக. ஒரு செதில்கூடச் சேதமில்லை. அந்த இடத்தில் எந்தக் காலத்திலும் கூம்பு முளைத்திருக்க முடியாது.

"அப்ப இது ரெண்டு மரம்," என்றாள் நெரிஸ் மெதுவாக.

"ரெண்டு மரம்."

"ரெண்டு மரத்தை ஒட்ட வெச்சு அதுக்கு ஒரு பேரு. அதுக்கு ஒரு தபால் தலை." நெரிஸ் நிமிர்ந்தாள். "உனக்கு ஆச்சரியமே இல்லையே. எத்தனை நாளாத் தெரியும்?"

"பதினாலு வருஷம்."

நெரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது முனகியது.

சுலேமா இழுப்பறையைத் திறந்தாள். ஏழு கூம்புகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஓடையின் தலைப்பகுதியிலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு கோடை விடுப்பிலும் அனுமதிச் சீட்டோடு தனியாகப் போய்ப் பிளந்தது. எட்டாவதைத் தனிப் பெட்டியில் வைத்திருந்தாள். போன கோடையில், பிப்ரவரியில் கிடைத்தது. அந்தக் கூம்பின் காம்பில் அதனுடைய சொந்த இலைகளே ஒட்டியிருந்தன. புருசோனேயின் கிளையில் இருப்பது செதில் போன்ற தடித்த இலை. செரோ பாயோவில் எந்தப் பாறையை உடைத்தாலும் அது கொட்டும். நூறு வருடம் முன்பே யாரோ ஒரு ஜெர்மானியர் அதற்குப் பெயர் வைத்தாயிற்று. கூம்பின் சொந்த இலையோ நீளமாக, சீப்பின் பல் போல இரு பக்கமும் விரிந்திருந்தது. அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

"இது கிடைக்கிற வரைக்கும் என்கிட்ட ஆதாரம் இல்ல," என்றாள்.

"பொய் சொல்லாத சுலே. சந்தேகம்னு ரெண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம். அந்தக் கல்லை நம்பி எத்தனை பேர் கட்டுரை எழுதியிருக்காங்க தெரியுமா? எத்தனை பிள்ளைங்க பரீட்சையில எழுதியிருக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

சுலேமா கூம்பைப் பஞ்சில் வைத்தாள். "அவர் இன்னும் கொஞ்சம் மேல ஏறட்டும்னுதான்."

நெரிஸ் அவளையே பார்த்தாள். பிறகு காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். "உன்கூட ஒரே கெட்டில்ல பதினோரு வருஷமா மாத்தே குடிச்சிருக்கேன். உன் மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இனிமே என் தண்ணியை நானே வெச்சுக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முழுச் சிரிப்பாக இல்லை.

* * *

கட்டுரை எழுத சுலேமாவுக்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது. பாதி ஏற்கெனவே மண்டையில் இருந்தது.

பெயர் வைப்பதற்குச் சட்டம் உண்டு. ஒரு மூலக்கல்லில் இரண்டு செடிகள் கலந்திருந்தால், பழைய பெயர் அழிந்துபோகாது. ஏதாவது ஒரு பாதியோடு அது ஒட்டிக்கொள்ளும். எந்தப் பாதி என்பதை, கலப்பைக் கண்டுபிடித்து முதலில் எழுதுபவர் தீர்மானிக்கலாம். பழைய விவரிப்போடு பொருந்த வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. புருசோனேயின் விவரிப்பில் இலைக்குப் பதினோரு வரி, கூம்புக்கு ஒன்பது வரி.

கூம்புக்கு அந்தப் பெயரை விட்டால் புருசோனே தப்பித்துவிடுவார். இலை மட்டும் தவறு, மரம் அவருடையது. இலைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் அது ஜெர்மானியர் வைத்த பெயருக்குக் கீழே, செல்லாத பெயர்களின் வரிசையில் போய்ப் படுத்துக்கொள்ளும். கூம்பு பெயரில்லாத குழந்தையாகும். அதற்குப் பெயர் வைக்கிறவள் சுலேமா. பெயருக்குப் பின்னால் நிற்கப்போவது அவளுடைய குடும்பப் பெயர், குராபில்.

இலைக்குக் கொடுத்தாள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி கிழவருக்கு ஒரு பிரதி போகணும்," என்றாள் நெரிஸ். "அது மரியாதை."

"அவர் எனக்கு அனுப்பினாரா?"

"அவர் உன்கிட்ட சொல்லாம செஞ்சதாலதானே இவ்வளவும்? நீயும் அதையே செய்யப் போறியா?"

அனுப்பினாள். புதுப் பெயரின் இடத்தை மட்டும் காலியாக விட்டு. நான்காம் நாள் அவரே வந்து நின்றார்.

எழுபத்திரண்டு வயது. கம்பளித் தொப்பி. விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம் புழுதிச் சாலையில் வந்ததில் புருவமெல்லாம் வெள்ளையாகத் தூசி. அவள் நினைத்து வைத்திருந்ததைவிட உயரம் குறைவாக இருந்தார்.

"குராபில்னு யாரு?"

"நான்தான் டாக்டர்."

முகத்தைப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. "குடிக்க மாத்தே ஏதாவது கிடைக்குமா?"

"இங்க கிடைக்காது டாக்டர்," என்று நெரிஸ் முந்திக்கொண்டாள். "அசிட்டோன்தான் இருக்கு." அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெரிஸ் தன் பக்கம்தான் என்று சுலேமாவுக்குப் புரிந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்குப் பதில்களை வரிசையாகத் தயார் செய்திருந்தாள். அவர் கத்தவில்லை. நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றினார், குனிந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"மொட்டு," என்றார் கடைசியில்.

"மொட்டுதான்."

"முழுசா இருக்கு."

"ஆமா."

"நான் பார்க்கவே இல்ல." குரலில் வாதம் இல்லை. "கையில வெச்சிருந்தேன். பார்க்கல." நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது மேல் அடுக்குன்னு எழுதியிருக்கே. அது எப்படித் தெரியும்? நீ அங்க இருந்தியா?"

"ரொட்டி பொரிச்சேன்."

அவர் அவளை இப்போதுதான் பார்த்தார். "தொப்பியில வெச்சு எடுத்துட்டு வந்துச்சே ஒரு பொண்ணு..."

இந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் பதினாலு வருடம் காத்திருந்தாள். வந்தது. நினைத்த அளவு இனிக்கவில்லை. இன்னும் வேண்டும் போலிருந்தது.

புருசோனே சட்டென்று வேறு ஆளானார். நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப உனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் கம்முன்னு இருந்திருக்கே. இதை நான் பத்திரிகைக்கு எழுதினா என்ன ஆகும்? வேணும்னே தப்பை வளரவிட்டவன்னு உன் பேரும் சேர்ந்து நாறும்."

"நாலாம் பக்கம் பாருங்க."

பையிலிருந்து பிரதியை எடுத்துப் புரட்டினார். அங்கே தேதி இருந்தது. கூம்பு கிடைத்த நாள், இடம், அதைக் கண்டெடுத்தவள் அன்றே குழுத் தலைவரிடம் மறுப்புச் சொன்னது, அதன் பிறகு பதினாலு வருடம் எழுதாமல் இருந்தது, அது தன் தவறு என்பது. நான்கு வரி. அதை எழுதத்தான் அவளுக்கு மூன்று வாரத்தில் ஒரு வாரம் பிடித்தது.

அவர் பிரதியை மூடினார். வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

"சரி," என்றார். "என்னை எடுத்துடு. நான் முட்டாள்னு தலைப்புலயே போடு. ஒரே ஒண்ணு கேக்கறேன். பேரைக் கூம்புக்கு விடு. ஒன்பது வரி இருக்கு, சட்டம் இடம் கொடுக்கும். உனக்கே தெரியும்."

"தெரியும்."

"ஒஃபெலியா போன மே மாசம் போயிட்டா. அவ கல்லறையில சிலுவை வேணாம்னு சொல்லிட்டா. இந்தக் கூம்பைத்தான் செதுக்கி வெச்சிருக்கேன். பேத்தி வந்து தொட்டுப் பார்த்துட்டுப் போறா, பாட்டியோட மரம்னு." அவர் தொப்பியை மடியில் வைத்துத் திருகினார். "எனக்காக இல்ல. அவ பேரு மட்டும்."

"பேரைக் கூம்புக்கு விட்டா பின்னாடியே உங்க பேரும் ஒட்டிக்கிட்டு வருமே டாக்டர்."

"அது சட்டம். நான் என்ன பண்ண?"

"அப்ப உங்களுக்காகவும்தான்."

அவர் பிரதியை மறுபடி திறந்து புதுப் பெயரின் இடத்தைத் தேடினார். "இடத்தைக் காலியா விட்டிருக்கியே, என்ன பேர் வைக்கப் போற?" என்றார். "உன் பேரையா?"

"தன் பேரைத் தானே வெச்சுக்கறது நம்ம தொழில்ல அசிங்கம். உங்களுக்குத் தெரியாததா?"

அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. குன்றின் பெயர், அம்மாவின் பெயர், அந்த மண்ணின் பழங்குடிகளான மப்புச்சேக்களின் மொழியில் சீப்புக்கு உள்ள சொல். எதையும் முடிவு செய்திருக்கவில்லை. இப்போது முடிவு செய்தாள். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. கை பேனாவை எடுத்தது. காலி இடத்தில் புதுப் பேரினத்தை எழுதினாள். அதன் பக்கத்தில் ஒஃபெலியா என்று எழுதினாள். அதன் பின்னால் குராபில் என்று எழுதினாள். பிரதியை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"பேரினம் வேற. அதனால அதே பேரை வைக்கலாம்," என்றாள். "கல்லறையை மாத்த வேணாம். பேத்தி தொட்டுப் பார்க்கலாம்."

"நான்?"

"நீங்க இலைக்குப் போறீங்க."

"என் பொண்டாட்டி பேரு." அவர் குரல் உடைந்தது. "அது பின்னாடி உன் பேரா? அவளை நீ பார்த்ததுகூட இல்ல."

"இல்ல. அவங்களுக்கும் என்னைத் தெரியாது. உள்ளூர்ப் பொண்ணுன்னு மட்டும் படிச்சிருப்பாங்க."

"இது மரியாதையா? என்னையும் அவளையும் பிரிச்சு..."

"நீங்கதான் பிரிச்சுக் கேட்டீங்க, டாக்டர். உங்களை எடுத்துடச் சொன்னீங்க. அவங்க பேரு மட்டும்னீங்க."

அவள் காத்திருந்தாள். அவளுக்கு அவசரம் இல்லை.

"வேணாம்னா சொல்லுங்க," என்றாள். "வேற பேரு வைக்கறேன். கல்லறையில இருக்கற கூம்பு வேற யாரோடதாவது ஆயிடும்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்து மேசைத் தாள்களைக் கலைத்தது. சுலேமா இரண்டு கையாலும் தாள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் கார் வரைக்கும் குனிந்து நடப்பதை ஜன்னலில் பார்த்தாள். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்காக ஒரு எழுத்தைக்கூட அவள் அடிக்கவில்லை.

"அழுதாரா?" என்று கேட்டுக்கொண்டு நெரிஸ் உள்ளே வந்தாள். தாளைப் படித்தாள். மறுபடி படித்தாள். "அடிப்பாவி," என்றாள். "இதைவிட அவரை அறைஞ்சிருக்கலாம்."

"அறைஞ்சா ரெண்டு நாள்ல ஆறிடும்."

கட்டுரை நவம்பரில் வெளிவந்தது. நாலாம் பக்கத்தைக் காட்டி மூன்று பேர் சுலேமாவைத் திட்டிக் கடிதம் எழுதினார்கள். அதில் இருவர் சொன்னது நியாயம்தான். அவர்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டாள். மூன்றாமவருக்குப் போடவில்லை.

இரவல் தவணை முடிந்து கல் திரும்பிப் போனது. போனது இரண்டு கல். அதனால் பெட்டிக்குள் பெறுதல் படிவமும் இரண்டு வைக்க வேண்டியிருந்தது. படிவத்தில் பெயர்க் கட்டத்தை, கல்லைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர்தான் தன் கையால் நிரப்பி அனுப்ப வேண்டும். உதவியாளரை விட்டு நிரப்பினால் செல்லாது.

ஒரு மாதம் வரை எதுவும் வரவில்லை. சுலேமா நினைவூட்டுக் கடிதம் போட்டாள். பதினைந்து நாள் விட்டு இன்னொன்று.

பிப்ரவரியில் உறை வந்தது. முதல் படிவத்தில் ஜெர்மானியர் வைத்த பெயர் வேகமாகக் கிறுக்கியிருந்தது. இரண்டாவதில் எழுத்து வேறு மாதிரி இருந்தது. ஒஃபெலியா என்பதை நிதானமாக, அழகாக எழுதியிருந்தார். அதன் பிறகு கொஞ்சம் இடைவெளி. பேனா அங்கே நின்றிருக்க வேண்டும், மை ஒரு புள்ளியாகத் தேங்கியிருந்தது. பிறகு குராபில்.

"நினைவூட்டல் ரெண்டு போட்டியாமே," என்றாள் நெரிஸ். "இல்லாட்டியும் அனுப்பியிருப்பார்."

"ரெண்டுல அனுப்பிட்டார்," என்றாள் சுலேமா. "பத்து வரைக்கும் எழுதி வெச்சிருந்தேன்."

படிவத்தைக் கோப்பில் போட்டாள். மலைக்குக் கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது, சுத்தியலுக்குப் புதுக் கைப்பிடி போட வேண்டும்.